ஏழு லீஃப் மாட்யூல், பதினைந்து மெல்லிய ஒயர்: பி.எம்.எஸ் இணைப்பு

பழைய மின்சாரக் காரின் பேட்டரி மாட்யூல்களை வீட்டு இன்வெர்ட்டருக்கு மாட்டுகிறவர்கள் தடித்த கேபிளுக்கும் பஸ்பாருக்கும் (மாட்யூல்களைக் கோக்கும் உலோகப் பட்டை) காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட பி.எம்.எஸ்ஸின் (ஒவ்வொரு செல்லையும் கண்காணித்து, எல்லை மீறினால் பேட்டரியைக் கட் செய்யும் போர்டு) மெல்லிய ஒயர்களுக்குக் காட்டுவதில்லை. அப்புறம் ‘மூணாவது செல் போச்சு’, ‘போர்டு டூப்ளிகேட்’ என்று புலம்பல். பெரும்பாலும் செல்லும் நன்றாக இருக்கும், போர்டும் நன்றாக இருக்கும். கோளாறு இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு நட்டிலோ, ஒயர் நுனியில் அழுத்திய லக் வளையத்திலோ இருக்கும். ஒயரின் நுனி எந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ, அந்த இடத்து வோல்டேஜைத்தான் பி.எம்.எஸ் செல் வோல்டேஜ் என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு வேறு வழியில்லை.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு மாட்யூலை எடுத்துக்கொள்வோம்: முதல் தலைமுறை நிசான் லீஃப், 24 கிலோவாட்-அவர் பேக். இந்தக் கார் இந்தியச் சாலைகளில் விற்பனைக்கு வந்ததில்லை. ஆனால் ஜப்பானில் ஓடிய பழைய லீஃப்கள் இலங்கையில் நிறைய இறங்கின, அவற்றின் பேட்டரிகள் இப்போது கழற்றப்படுகின்றன. பழைய மாட்யூல் வேலைக்கு உலகம் முழுக்க அதிகம் பயன்படுபவற்றில் இதுவும் ஒன்று.

அந்த பேக்கில் 48 மாட்யூல். ஒவ்வொன்றும் சுமார் 3.8 கிலோ, 303 × 223 × 35 மில்லிமீட்டர் அலுமினிய டப்பா. உள்ளே நான்கு தட்டையான பை செல்கள்: இரண்டிரண்டாகப் பக்க இணைப்பு, அந்த இரண்டு ஜோடிகளும் தொடர் இணைப்பு. வெளியே மூன்று முனைகள். பாசிட்டிவும் நெகட்டிவும் 6 மில்லி நட், நடு முனை 4 மில்லி நட் (போல்ட்டை மேலிருந்து திருகி இறக்க வேண்டும்). புதிதாக இருந்தபோது ஒரு மாட்யூல் ஏறத்தாழ 65 ஆம்பியர்-அவர், 500 வாட்-அவர். இப்போது கைக்கு வருவது 40, 45, 50 என்று எதுவாகவும் இருக்கலாம்.

டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே நீங்கள் சரிசெய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

பேக்கை நீங்களே பிரிப்பதென்றால் அது தனி வேலை. 96 செல் ஜோடிகள் தொடரில் இருக்கின்றன, முழு சார்ஜில் 390 வோல்ட்டைத் தாண்டும். பேக்கின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே பகுதி பகுதியாக நூறு வோல்ட்டுக்கு மேல் அப்படியே இருக்கும். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை இல்லாதவர்கள் தனித்தனியாகக் கழற்றிய மாட்யூல்களாக வாங்குவதே நல்லது. காரில் இருந்த ஒரிஜினல் கண்காணிப்பு போர்டை வைத்துச் சமாளிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அது 96 ஜோடிகளை எதிர்பார்க்கும் போர்டு, 14-ஐக் கொடுத்தால் தப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஏன் ஏழு மாட்யூல்

ஒரு மாட்யூல் என்றால் தொடரில் இரண்டு செல். ஆகவே எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையில்தான் வரும். 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு இந்த வகை செல்லில் 7 தொடர் வேண்டும், மூன்றரை மாட்யூலுக்கு எங்கே போவது? மூன்று போட்டால் வோல்டேஜ் பற்றாது, நான்கு போட்டால் முழு சார்ஜில் 32 வோல்ட்டைத் தாண்டி இன்வெர்ட்டர் அலறும். 48 வோல்ட்டுக்கு 14 தொடர், அதாவது 7 மாட்யூல், கச்சிதமாகப் பொருந்தும். செல்லுக்கு 4.05 வோல்ட் வைத்தால் மொத்தம் 56.7 வோல்ட். 48 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிக்கென்று செய்த இன்வெர்ட்டர்கள் வேலை செய்யும் எல்லைக்குள் இது அடங்கிவிடும்.

ஒயர் போடும் முன்

மாட்யூல்களைச் சமப்படுத்தாமல் தொடரில் கோத்துவிட்டு, ‘பி.எம்.எஸ் பேலன்ஸ் பண்ணிக்கும்’ என்று விடுவது மிகப் பரவலான தப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண பி.எம்.எஸ்ஸின் பேலன்ஸ் கரண்ட் 50 மில்லி ஆம்பியர் அளவு. அதுவும் சார்ஜின் உச்சியில் மட்டும் வேலை செய்யும். தினம் ஒரு மணி நேரம் கிடைத்தது என்றால் ஒரு நாளைக்கு 0.05 ஆம்பியர்-அவர். இரண்டு செல்லுக்கு நடுவே 5 ஆம்பியர்-அவர் இடைவெளி இருந்தால் அது மூட 100 நாள். அதுவரை ஏதோ ஒரு செல் முன்னாடியே நிரம்பி சார்ஜை நிறுத்திக்கொண்டே இருக்கும்.

அதனால் முதலில் ஏழையும் பக்க இணைப்பில் போடுங்கள்: பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ், நடு முனையோடு நடு முனை. அதற்கும் முன்னால் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏறக்குறைய ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவர வேண்டும். உள் ரெசிஸ்டன்ஸ் சில மில்லி ஓம்தான், ஆகவே 0.1 வோல்ட் வித்தியாசமே பத்துக்கணக்கான ஆம்பியரை ஓடவிடும். மொத்த வோல்டேஜ் ஒன்றாக இருந்து நடு முனை மட்டும் வேறாக இருந்தால் அந்தக் கரண்ட் முழுக்க நடு முனையின் மெல்லிய ஒயர் வழியாகத்தான் போகும். அந்த 4 மில்லி நட்டை நம்பி இதைச் செய்யக்கூடாது. நடு முனைகளை 5 ஆம்பியர் பியூஸ் வழியாக இணைத்தால் தப்பு நடந்தாலும் பியூஸோடு போகும். கரண்ட் லிமிட் வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 8.2 வோல்ட் வைத்து, கரண்ட் ஏறத்தாழ பூஜ்யமாகும் வரை விடுங்கள். 10 ஆம்பியர் சப்ளை என்றால் நாள்கணக்கில் ஆகும், அவசரப்பட்டுப் பயனில்லை.

கழற்றிய பிறகு இரண்டு வாரம் சும்மா வைத்து, ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு பாதிகளையும் தனித்தனியே அளந்து பாருங்கள். மற்றவை எல்லாம் அப்படியே நிற்க, ஒரு பாதி மட்டும் 20, 30 மில்லிவோல்ட் இறங்கியிருந்தால் அது உள்ளுக்குள் கசிகிறது. அந்த மாட்யூலை ஒதுக்கிவிடுங்கள், எந்த பேலன்சராலும் அதைத் திருத்த முடியாது. டப்பா உப்பியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். நல்ல மாட்யூலாகவே இருந்தாலும் பை செல்லுக்கு இறுக்கம் தேவை. காரில் இருந்த மாதிரியே இரு பக்கமும் தகடு வைத்து, நான்கு மூலைத் துளைகளிலும் திரெட் ராடு போட்டு அடுக்காகக் கட்டுங்கள்.

15 ஒயர் எங்கெங்கே

14 செல்லுக்கு 15 ஒயர். முதல் மாட்யூலின் நெகட்டிவை 0 என்று வைத்துக்கொண்டால் மீதி தானாக வரும்: முதல் மாட்யூலின் நடு முனை 1. முதல் மாட்யூலின் பாசிட்டிவும் இரண்டாவதின் நெகட்டிவும் சேருகிற இடம் 2. இரண்டாவதின் நடு 3. இப்படியே போய் ஏழாவதின் நடு 13, ஏழாவதின் பாசிட்டிவ் 14. ஒற்றைப்படை ஒயர் எல்லாம் நடு முனையில், இரட்டைப்படை எல்லாம் பெரிய முனையில். லீஃப் மாட்யூலின் வசதியே இதுதான். ஒற்றைப்படை எண் ஒட்டிய ஒயர் பெரிய நட்டில் இருந்தால் பார்த்தவுடனே தப்பு என்று தெரிந்துவிடும். ஒயரின் இரு முனையிலும் எண் ஒட்டாமல் வேலையைத் தொடங்காதீர்கள். போர்டோடு வருகிற ஒயர்க் கட்டில் முதலாவது கறுப்பு, மற்ற எல்லாம் ஒரே நிறம் என்றிருக்கும், கண்ணை நம்ப முடியாது.

பெரிய முனையில் அடுக்குகிற வரிசை முக்கியம். கீழே மாட்யூலின் முனை, அதன்மேல் நேரடியாக பஸ்பார், அதற்கும் மேல் மெல்லிய ஒயரின் லக், பிறகு வாஷர், போல்ட். லக்கை முனைக்கும் பஸ்பாருக்கும் நடுவில் சொருகிவிட்டால் 100 ஆம்பியரும் அந்தத் தகரத் துண்டு வழியாகப் போகும். சூடேறும், தளரும், மறுபடி சூடேறும். முனையையும் பஸ்பாரையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் போதும். முலாம் பூசிய முனையை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், முலாம் போனபின் கறுக்கத் தொடங்கும். பஸ்பாருக்கு 20 × 3 மில்லி செம்புப் பட்டை தாராளம்.

இரட்டைப்படை ஒயர்களை பஸ்பாரின் எந்தப் பக்கத்து நட்டில் மாட்டுவது? எந்தப் பக்கம் என்பது பெரிய விஷயமில்லை, ஆறு இணைப்பிலும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும். காரணம் இது: பஸ்பாரும் அதன் இரண்டு தொடர்புகளும் சேர்ந்து அரை மில்லி ஓம் என்று வைத்தாலே 100 ஆம்பியரில் 50 மில்லிவோல்ட் விழும். அந்த 50 மில்லிவோல்ட் யாராவது ஒரு செல்லின் கணக்கில் ஏறித்தான் ஆக வேண்டும். ஒயர் எல்லாவற்றையும் பாசிட்டிவ் பக்க நட்டில் மாட்டியிருந்தால் அது 3, 5, 7, 9, 11, 13 செல்களின் தலையில் விழும். லோடு எடுக்கும்போது இவை ஆறும் சேர்ந்து தாழும், சார்ஜ் போகும்போது சேர்ந்து உயரும், கரண்ட் நின்றதும் எல்லாம் சமமாகும். ஆறு செல் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது, பஸ்பார் அல்லது தொடர்பின் சேஷ்டை. ஆறில் ஒன்று மட்டும், 7 மட்டும் என்று வையுங்கள், மற்ற ஐந்தைவிட நாலு மடங்கு ஆடினால் மூன்றாவது, நான்காவது மாட்யூலுக்கு இடையிலுள்ள போல்ட்டை இறுக்கிப் பாருங்கள். பாதி ஒயரை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் மாட்டியவர்களுக்கு இந்தத் துப்பு கிடைக்காது.

போல்ட்டை இறுக்கும்போது ஒரு கையால் பஸ்பாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். முனை முறுகினால் டப்பாவுக்குள் இருக்கும் வெல்டுக்கு வலி. நடு முனையின் 4 மில்லி நட்டில் மரை சீக்கிரம் போய்விடும், விரல் நீள ஸ்பானர் போதும்.

பியூஸ் பற்றி இரண்டு கட்சி உண்டு. மெல்லிய ஒயர் ஒவ்வொன்றிலும் பியூஸ் வேண்டும் என்பது என் கட்சி. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பஸ்பார் கழன்றால் அந்த இடைவெளியில் முழு பேக் வோல்டேஜும் வந்து நிற்கும், அது பாயப் பார்க்கும் வழி பி.எம்.எஸ் ஒயர்தான். ஒயர் எரிந்தால் பக்கத்து ஒயரின் இன்சுலேஷனும் உருகும், அப்புறம் ஷார்ட்டுக்கு மேல் ஷார்ட். பியூஸ் செல் முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், போர்டு பக்கத்தில் வைத்தால் நடுவிலுள்ள ஒயருக்குக் காவல் இல்லை. 50 மில்லி ஆம்பியர் பேலன்ஸ் போர்டுக்கு 1 ஆம்பியர் போதும். 2 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சருக்கு (ஒரு செல்லின் சார்ஜை எடுத்து இன்னொன்றில் போடுவது) 5 ஆம்பியர். பியூஸின் மேல் எழுதியிருக்கும் வோல்டேஜையும் பாருங்கள், காரில் போடுகிற சாதாரண பிளேடு பியூஸ் 32 வோல்ட்டுக்குத்தான்.

ஆக்டிவ் பேலன்சர் என்றால் ஒயரின் தடிமனும் கணக்கில் வரும். 0.33 சதுர மில்லி ஒயர் ஒரு மீட்டருக்கு 0.05 ஓம். போகவர இரண்டு ஒயர், 0.1 ஓம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட் பிழை. பேலன்சர் தன் வேலையைத் தானே தப்பாக அளந்து, ஒரு செல்லிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டு, திரும்ப எடுத்து, இரவெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும். ஒயர் 1 சதுர மில்லி, நீளம் முடிந்தவரை குறைவு.

பிளக்கைச் சொருகும் முன்

மெல்லிய ஒயர்களை மாட்டும்போது, அவற்றின் மறுமுனையிலுள்ள பிளக் பி.எம்.எஸ் போர்டில் சொருகியிருக்கவே கூடாது. எல்லாம் முடிந்தபின் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 0-வது பின்னில் வைத்து, சிவப்பை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். செல் 3.85-இல் இருந்தால் 3.85, 7.70, 11.55 என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் 53.9 வர வேண்டும். இதோடு நிறுத்தாமல் அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு நடுவிலும் அளக்க வேண்டும். 5-உம் 6-உம் இடம் மாறியிருந்தால் 4-க்கும் 5-க்கும் நடுவே 7.7, 5-க்கும் 6-க்கும் நடுவே மைனஸ் 3.85, 6-க்கும் 7-க்கும் நடுவே மறுபடி 7.7 காட்டும். இந்த நிலையில் பிளக்கைச் சொருகினால் போர்டு புகைவிடும், உத்தரவாதமும் அதோடு போகும். இரண்டு ஒயர் ஒரே இடத்தில் மாட்டியிருந்தால் ஒரு இடத்தில் பூஜ்யமும் பக்கத்தில் 7.7-உம் வரும்.

போர்டில் இரண்டு தடித்த நெகட்டிவ் ஒயர் இருக்கும். அதிகம் விற்கும் சீன போர்டுகளில் நீலம் பேட்டரியின் நெகட்டிவுக்கு, கறுப்பு லோடுக்கும் சார்ஜருக்கும். உங்கள் போர்டோடு வந்த படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வரிசை: முதலில் நீலத்தை முதல் மாட்யூலின் நெகட்டிவில் இறுக்குங்கள், பிறகு பிளக், கடைசியில் கறுப்பு. கழற்றும்போது தலைகீழ்: கறுப்பு, பிளக், நீலம். பிளக் போர்டில் இருக்க நீலத்தைக் கழற்றினால் போர்டின் முழு கரண்டும் 0-வது மெல்லிய ஒயர் வழியாகப் போகப் பார்க்கும்.

எல்லாம் மாட்டி முடித்து, பாசிட்டிவுக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்தால் 54 வோல்ட் வராமல் ஏதோ ஒரு அரைகுறை எண் வரலாம். பயப்பட வேண்டாம். பல போர்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும், சார்ஜர் வோல்டேஜ் ஒரு முறை வந்தாலோ பட்டனை அழுத்தினாலோதான் விழிக்கும்.

நீல ஒயரின் பக்கத்தில் வேறு எதையும் இணைக்காதீர்கள். ஒரு சின்ன ஃபேன், ஒரு வோல்ட் மீட்டர்கூட வேண்டாம். பி.எம்.எஸ் கட் செய்த பிறகும் அது ஓடிக்கொண்டே செல்லை வற்றடித்துவிடும். அதேபோல வைஃபை ரூட்டருக்கு 12 வோல்ட் வேண்டும் என்று அடுக்கின் கீழ் இரண்டு மாட்யூலிலிருந்து தனியாக எடுப்பவர்கள் உண்டு. அந்த நான்கு செல் மட்டும் தினம் தேய்ந்து, சில வாரத்தில் மொத்த பேக்கையும் கட் செய்ய வைக்கும். 48-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை லோடு பக்கத்தில் போடுவதுதான் வழி.

மெயின் லைன், செட்டிங்

5 கேவிஏ இன்வெர்ட்டர் முழு லோடில் 100 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். போர்டு 150 ஆம்பியர், கேபிள் 35 சதுர மில்லி. தேய்ந்த 45 ஆம்பியர்-அவர் மாட்யூலுக்கு அது இரண்டு மடங்குக்கு மேலான வேகம். காரில் இதைவிட அதிகமாகவே கொடுத்தவைதான், ஆனால் நெருக்கி அடுக்கிய அறையில் சூடு சேரும். தினமும் அந்த லோடு என்றால் இரண்டு வரிசை போட்டு, வரிசைக்கு ஒரு பி.எம்.எஸ் என்று வைப்பதே என் பரிந்துரை. டெம்பரேச்சர் சென்சரை அடுக்கின் நடு மாட்யூலில் ஒட்டுங்கள், ஓரத்தில் ஒட்டினால் உள்ளே கொதிப்பது தெரியாது. 45 டிகிரியில் சார்ஜ் கட் ஆகட்டும். மொட்டை மாடி ஷெட்டில் இந்த பேட்டரிக்கு இடமில்லை.

ஷார்ட் ஆனால் இந்த ஏழு மாட்யூலும் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கக்கும். வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஏசி எம்.சி.பி அந்த டிசி தீப்பொறியை அணைக்காது. பாசிட்டிவ் முனையை ஒட்டி கிளாஸ் டி (Class T) பியூஸ், அதன்பின் டிசி பிரேக்கர். இன்வெர்ட்டரை முதல் முறை இணைக்கும்போது உள்ளிருக்கும் கப்பாசிட்டர் ஒரேயடியாக இழுப்பதால் பி.எம்.எஸ் ஷார்ட் என்று நினைத்துக் கட் செய்யும், போர்டில் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் போனாலும் போகும். பிரேக்கரின் இரு முனைக்கும் குறுக்கே 33 ஓம், 50 வாட் ரெசிஸ்டரைச் சில விநாடி வைத்துவிட்டு பிரேக்கரை ஏற்றுங்கள்.

செட்டிங்கில் முதலில் பார்க்க வேண்டியது செல் வகை. லீஃப் மாட்யூல் மாங்கனீஸ் வகை, இரும்பு பாஸ்பேட் இல்லை. போர்டு பாஸ்பேட்டுக்கு வைத்து வந்திருந்தால் 3.65-இல் சார்ஜை வெட்டும், ‘பேட்டரி நிறையவே மாட்டேங்குது’ என்பீர்கள். நான் வைக்கச் சொல்வது: அதிக வோல்டேஜ் கட் 4.15, திரும்ப விடுவது 4.05, குறைந்த வோல்டேஜ் கட் 3.1, பேலன்ஸ் தொடக்கம் 4.0. தினசரி சார்ஜை நிறுத்துவது இன்வெர்ட்டரின் வேலை, அதில் 56.7 வோல்ட். தினமும் பி.எம்.எஸ்தான் வெட்டுகிறது என்றால் ஏற்பாடு தப்பு. நல்ல வெயிலில் சோலார் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி சட்டென்று கழன்றால் எகிறும் வோல்டேஜில் இன்வெர்ட்டர் போன கதைகள் உண்டு. லெட்-ஆசிட் இன்வெர்ட்டரின் ஈக்வலைஸ் வசதியை (அவ்வப்போது வோல்டேஜை வழக்கத்துக்கு மேல் ஏற்றுவது) நிரந்தரமாக அணையுங்கள், அது 60 வோல்ட் வரை போனால் செல்லுக்கு 4.29. அதன் லோ-கட் 42 வோல்ட் என்றால் செல்லுக்கு 3.0தான், 47.6-க்கு ஏற்றி வையுங்கள்.

ஓட ஆரம்பித்தபின் வரும் விசித்திரங்கள்

பி.எம்.எஸ்ஸின் போன் ஆப்பில் 8-வது செல் 4.3, 9-வது 3.4 என்று காட்டுகிறது, மற்றவை எல்லாம் 3.85. இரண்டையும் கூட்டுங்கள்: 7.7. கூட்டல் சரியாக இருந்து பங்கீடு மட்டும் கோணலாக இருந்தால் செல்லில் தப்பில்லை. இரண்டுக்கும் பொதுவான 8-வது ஒயரில் லக் சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை (ஒயரை அழுத்திப் பிடிக்கவில்லை), அல்லது பியூஸ் போயிருக்கிறது. மல்டிமீட்டரால் செல் முனையிலேயே நேரடியாக அளந்தால் தெரிந்துவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் செல்லில் இல்லாத ஒரு குறையைத் திருத்தப் போய் பேலன்சர் நல்ல செல்லை வற்றடிக்கும்.

ஓய்வில் சமமாக இருந்து, லோடு ஏறினால் ஒரே செல் மட்டும் விழுந்து, போல்ட்டை இறுக்கியும் மாறவில்லையென்றால் அது தேய்ந்த செல். உச்சியில் முதலில் நிரம்புவதும் அடியில் முதலில் காலியாவதும் ஒரே செல்லாக இருந்தாலும் அதே தீர்ப்பு. அந்த மாட்யூலை மாற்ற வேண்டியதுதான். புது மாட்யூலையும் மற்றவற்றின் அளவுக்கு முதலிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு போடுங்கள்.

லேப்டாப்பை யூ.எஸ்.பி கேபிளில் போர்டோடு இணைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போர்டின் தகவல் ஒயரின் கிரவுண்ட் நீல ஒயரோடு ஒட்டியது. இன்வெர்ட்டரின் கிரவுண்ட் கறுப்போடு ஒட்டியது. பி.எம்.எஸ் கட் ஆன நேரத்தில் இரண்டுக்கும் நடுவே முழு பேக் வோல்டேஜ்கூட நிற்கலாம். லேப்டாப்பின் சார்ஜர் வழியாகவோ இன்வெர்ட்டரின் தகவல் கேபிள் வழியாகவோ இரண்டும் சேர்ந்தால் லோடு கரண்ட் அந்த வழியில் பாயும், யூ.எஸ்.பி போர்ட் கருகும். புளூடூத்தில் பாருங்கள். கேபிள்தான் வேண்டும் என்றால் ஐசொலேஷன் உள்ள அடாப்டர் வாங்குங்கள்.